தலையணை போட்டுப் பிடித்த வீடு

வீடு வாங்குகிறவர்கள் வாசல் எந்தத் திசை என்று பார்ப்பார்கள். போர்த் தண்ணீரைக் குடித்துப் பார்ப்பார்கள், சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள், பக்கத்து வீட்டுக்காரர் எப்படிப்பட்ட ஆள் என்று விசாரிப்பார்கள். படுத்துத் தூங்கிப் பார்த்து வீடு வாங்கிய மனிதர் தேனி மாவட்டத்திலேயே, ஏன், இந்தப் பூமியிலேயே ஒருத்தர்தான். அவர் எங்கள் தலகாணிக் கண்டக்டர்.

அப்போது நான் சின்னமனூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். வருகிறவர்களில் பாதிப் பேர் வீட்டுப் பத்திரத்தோடு வந்ததால், அதில் கண் வைத்து தரகும் பார்க்க ஆரம்பித்தேன். ஆடி பிறந்துவிட்டால் தரகனுக்கு ஈ ஓட்டுகிற வேலைதான். யாரும் வீடு பேசமாட்டார்கள், அட்வான்ஸ் கொடுக்கமாட்டார்கள், கொடுத்தாலும் வாங்கமாட்டார்கள். அப்படி ஓர் ஆடி மத்தியானம் அவர் கடைவாசலில் வந்து நின்றார். கையில் ஒரு மஞ்சள் பை. பைக்குள்ளிருந்து தலையணையின் ஒரு முனை எட்டிப் பார்த்தது. பின்னால் காற்றில் திருப்பிக்கொண்ட குடையோடு போராடியபடி அவர் மனைவி.

வீடு பார்க்க வேண்டும், அதுவும் ஆடிக்குள் பார்க்க வேண்டும் என்றார். நான் பெரிய மனுஷத் தோரணையில், ஆவணி பிறக்கட்டும், நல்ல நல்ல வீடாகக் காட்டுகிறேன் என்றேன்.

"ஆவணியில எல்லா வீடும் நல்ல வீடுதான் தம்பி," என்றார்.

அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை பார்த்த காலமெல்லாம் தூரத்து ஊர்களுக்குப் போகும் இரவு வண்டிதான். ஊர் ஊராக டிப்போக்களில் படுத்து எழுந்தவருக்கு ஒரே சொத்து அந்தத் தலையணை. போடி இலவம் பஞ்சு. அதை வைத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்பில் சம்மட்டி அடி நடக்கும்போதே தூங்குவார் என்று பழைய டிரைவர்கள் சொல்வார்கள். உத்தமபாளையத்தில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தார். அந்த அம்மாளை நான் மதினி என்று கூப்பிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து வாடகை வீடுதான். எந்த வீட்டுக்காரரும் சுவரில் ஆணி அடிக்க விட்டதில்லை. அதனால் அவர் வீட்டுக் காலண்டர் எப்போதும் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கும், மனிதர்கள் தரையில் உட்காருவார்கள். ரிட்டயர் ஆனதும் சொந்த வீடு என்று கண்டக்டர் வாக்குக் கொடுத்திருந்தார். பணமும் வங்கியில் இருந்தது. வீடுதான் கிடைக்கவில்லை.

கிடைக்காமல் என்ன? நான் காட்டினேன். அவர் தூங்கினார்.

முதல் வீடு தேனியில், புதிதாகப் பிரித்த பிளாட்டில். "நல்ல காத்தோட்டம்ணே" என்று மேற்குச் சன்னல் அத்தனையும் திறந்து காட்டினேன். தரகனுக்குப் பெருமையான வார்த்தை அதுதானே. அவர் எல்லாவற்றையும் சாத்தினார். நடு ஹாலில் துண்டை விரித்தார், தலையணையை வைத்தார், மதினியையும் செத்த நேரம் சாயச் சொன்னார், குறட்டைவிட ஆரம்பித்துவிட்டார். வீட்டுக்காரருக்கு ஆளுக்கு மயக்கமோ என்று பயம். கொஞ்ச நேரத்தில் மேற்கே மலையிலிருந்து ஒரு காற்று இறங்கியது. சன்னல் இடுக்கில் நுழைந்து நீளமாக ஒரு விசில் அடித்தது. தூங்கிக்கொண்டிருந்தவர் கண்ணைத் திறக்காமலே, "போலாம் ரைட்" என்றார். அந்தச் சத்தத்தில் அவரே முழித்து, எழுந்து உட்கார்ந்து மதினியைப் பார்த்தார். அவர் ஃபிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து, கொட்டக் கொட்ட முழித்துக்கொண்டிருந்தார்.

"இந்த வீடு வேண்டாம் தம்பி."

இரண்டாவது வீடு கம்பத்தில். அதுவும் நல்ல காற்றோட்டம். அங்கே தூங்கி எழுந்தவர், காற்றைச் சமாளித்தாலும் விடியுமுன்னே ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிற ஜீப்புகளின் சத்தத்தை என்ன செய்வது என்று கேட்டார். விடியக்காலையில் எழுவது உடம்புக்கு நல்லது என்றார் வீட்டுக்காரர். எழுவதற்கு முதலில் தூங்கியிருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்தார்.

ஆடி முடிந்தால் அவரும் மாயமாகிவிடுவார். ஆவணி, ஐப்பசி, தை என்று ஊரே வீடு வாங்கிக்கொண்டிருக்கும். கண்டக்டர் கடைப்பக்கம் தலைகாட்டமாட்டார். அடுத்த ஆடியின் முதல் காற்றோடு தலையணை வந்து இறங்கும்.

அந்த இரண்டாவது ஆடியில் கடமலைக்குண்டில் ஒரு தென்னந்தோப்பு வீடு பார்க்கப் போனோம். தேனி பஸ் நிலையத்தில் நாங்கள் ஏறி உட்கார்ந்த வண்டியில் ஒருவர் சன்னல் வழியாகத் துண்டை வீசி முன் சீட்டில் இடம் பிடித்தார். நம் ஆளுக்கு அது ஆகவே ஆகாது. துண்டை எடுத்து, இஸ்திரி போட்டதுபோல மடித்து, சன்னல் வழியாகவே திருப்பிக் கொடுத்தார். "உக்காந்தவுகளுக்குத்தான் சீட்டு. துண்டுக்கு டிக்கெட் போட்டிருக்கீகளா?" வெளியே இருந்தவர் சண்டைக்கு வந்தார். வண்டியின் உண்மையான கண்டக்டர் எங்களைப் பார்த்துக் கும்பிடாத குறை. ரிட்டயர் ஆன மனிதர் பாஸில் வந்துகொண்டு, ஊர் போய்ச் சேருகிற வரைக்கும் அந்தப் பையனுக்கு வேலை சொல்லிக்கொடுத்தார்.

தோப்பு வீடு அழகான வீடு. மதினிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. எந்தச் சுவரில் ஆணி அடிக்கலாம் என்றுகூடக் கையால் அளந்து பார்த்தார். ஐயா படுத்தார். காற்று வந்தது. ஒரு தேங்காய், பின்கட்டின் தகரக் கூரையில் விழுந்தது. நான் எழுந்து ஓடினேன், வீட்டுக்காரர் எழுந்து ஓடினார், கண்டக்டர் புரண்டுகூடப் படுக்கவில்லை. தேங்காய்க்கே அசையாதவர் இந்த வீட்டை வேண்டாம் என்று சொல்ல முடியாது என்று நான் மனதுக்குள் கமிஷனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். எழுந்தார். மதினியைப் பார்த்தார். வேண்டாம் என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் மதினி என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "முட்டி தேஞ்சு போச்சு தம்பி. இவுக தூக்கத்துக்கு வீடு அமையுறதுக்குள்ள நான் கெழவியாயிருவேன் போலருக்கு." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் கண்டக்டர் மேல் கோபம் கோபமாக வந்தது. தேங்காய் விழுந்தாலும் தூங்குகிற மனிதருக்கு இதற்கு மேல் என்ன தூக்கம் வேண்டிக் கிடக்கிறது?

மூன்றாவது ஆடியில் என்னிடம் வீடே மிச்சம் இல்லை. ஒன்று இருந்தது, ஆனால் அதை யாருக்கும் காட்ட எனக்கே வெட்கம். சின்னமனூரில் ஒரு குறுகல் சந்தின் கடைசி வீடு. மேற்கே ஒட்டினாற்போல் நெல் குடோனின் சுவர், வீட்டைவிட இரண்டு மடங்கு உயரம். அந்தப் பக்கம் சன்னலே கிடையாது. காற்று வராது என்று வந்தவர்கள் எல்லாம் வாசலோடு திரும்பிப் போன வீடு. குடோன்காரர் மட்டும், அதை வாங்கி இடித்துவிட்டுக் குடோனை நீட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு எதையோ பார்த்துவிட்டுத் திரும்பும்போது சாரல் பிடித்துக்கொண்டது. அந்த வீட்டுச் சாவி என் பையில் இருந்தது. மழைக்கு ஒதுங்கத்தான் திறந்தேன், வீடு காட்ட இல்லை. குடை இரண்டாக ஒடிந்திருந்தது. மதினி நனைந்துபோய்ச் சுவரோரம் உட்கார்ந்தார். நான் ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு டீ வாங்க ஓடினேன்.

திரும்பி வந்து கதவைத் தள்ளினால், கண்டக்டர் ஒரு கையை உயர்த்தி வண்டியை நிறுத்துவதுபோல என்னை வாசலிலேயே நிறுத்தினார். உள்ளே அவருடைய தலையணையில் மதினி தலைசாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. வெளியே தெருவைப் பிய்த்துக்கொண்டு காற்று போனது. உள்ளே கேட்கவே இல்லை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னண்ணே, நீங்க படுக்கலையா?" என்று ரகசியமாகக் கேட்டேன்.

"நான் தலகாணிய எங்கன போட்டாலும் தூங்குவேன்டா. என் தூக்கத்த வச்சு வீடு பாக்க முடியுமா?" என்றார். "இவளுக்காகத்தான் இத்தன நாளும் படுத்துப் படுத்து எந்திரிச்சேன். நீ தூங்கிப் பாருன்னு நேராச் சொன்னா, கூச்சத்துல கண்ண மூடமாட்டா."

பிறகு மெதுவாக மிச்சத்தையும் சொன்னார். வேலையில் இருந்த வரைக்கும் அவருக்கே தெரியாதாம். ரிட்டயர் ஆகி வீட்டில் படுத்த முதல் ஆடியில் பாதி ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்திருக்கிறார். மதினி கதவில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தாராம். என்ன என்று கேட்டதற்கு, கதவு அடித்துக்கொள்கிறது, யாரோ தட்டுகிற மாதிரியே இருக்கிறது, பழகிவிட்டது, நீங்கள் படுங்கள் என்றாராம். இரண்டு பெண் குழந்தைகளை வைத்துக்கொண்டு தனியாக இருந்த காலத்திலிருந்து ஆடி என்றால் அவருக்கு அப்படித்தானாம்.

"நான் ஊரு ஊராத் தூங்கியிருக்கேன். இவ அங்கன முழிச்சே கெடந்திருக்கா," என்றார். பிறகு உடனே, "இந்த வீட்ட முடி" என்றார்.

நானும் மூன்று வருஷமாக "நல்ல காத்தோட்டம்" என்று இந்த மனிதரிடம் கூவிக்கொண்டிருந்திருக்கிறேன்.

முடிப்பது லேசாக இல்லை. வீட்டுக்காரர் போடியில் இருந்தார். போனில் கேட்டபோது, ஆடியில் பேச்சே எடுக்கக் கூடாது, அட்வான்ஸைக் கையால் தொடமாட்டேன், ஆவணி முதல் முகூர்த்தத்தில் யார் வந்து நிற்கிறார்களோ அவர்களுக்கு வீடு என்று வைத்துவிட்டார். குடோன்காரரும் கேட்பார் என்பது கண்டக்டருக்குத் தெரியும். சந்துக்குள் இரண்டு நடை நடந்தார். மதினி எழுந்து வெளியே வந்த பிறகு உள்ளே போய், அவர் தலைசாய்த்திருந்த தலையணையைத் தட்டி, நடு ஹாலில் சதுரமாக வைத்தார். வெளியே வந்து பூட்டச் சொன்னார்.

"தலகாணி உள்ள இருக்கேண்ணே."

"இருக்கட்டும். எடம் பிடிச்சிருக்கேன்," என்றார். ஆயுள் முழுக்க ஜனங்களின் துண்டை எடுத்துத் திருப்பிக் கொடுத்த மனிதர். முகத்தில் ஒரு வெட்கமும் இல்லை.

அடுத்த வாரமே குடோன்காரர் போடியிலிருந்து வேறு சாவி வாங்கிவந்து திறந்து பார்த்திருக்கிறார். வீட்டுக்காரர் எனக்குப் போன் போட்டார். நடு வீட்டில் தலையணை கிடக்கிறதாமே, யாரையாவது குடிவைத்துவிட்டாயா என்று சத்தம் போட்டார். நான் உள்ளதைச் சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம்.

"முப்பது வருசம் போடிக்கும் தேனிக்கும் பஸ்ல போயி வேல பாத்தவன் நான். துண்டு போட்ட எடத்துல அடுத்தாள உக்கார வச்சதில்ல. அவுகளே வரட்டும்," என்றார்.

இதைச் சொல்ல உத்தமபாளையம் மாடி வீட்டுக்கு ஓடினேன். மதினிதான் கதவைத் திறந்தார். தலையணை இல்லாமல் கண்டக்டருக்குத் தூக்கமே இல்லையாம். காற்று கதவை ஆட்டும் போதெல்லாம் எழுந்து உட்கார்ந்துகொள்கிறாராம். "இத்தன வருசமும் இப்படித்தான் கெடந்தியான்னு ராத்திரி பூராக் கேட்டுக்கிட்டே கெடக்காக தம்பி. நான் என்னத்தச் சொல்ல," என்று முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். உள்ளே கண்டக்டர் கண் சிவக்க, நாற்காலியில் இருக்கும் காலண்டரை எடுத்து ஆடி எப்போது முடிகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆவணியில் பத்திரம் முடிந்தது. மதினி பெயரில்தான் பதிந்தார். பால் காய்ச்சிய அன்று எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது உள்ளே ஒரு சுத்தியல் சத்தம். மதினி முக்காலியில் ஏறி நின்று ஆணி அடித்துக்கொண்டிருந்தார். ஒன்று போதாது என்று பக்கத்திலேயே இன்னொன்றும் அடித்தார். அதில் மாட்ட ஒன்றும் இல்லை. கண்டக்டர் கீழே முக்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அடுத்த ஆடியில் ஒரு மத்தியானம் அந்தப் பக்கமாக என் பைக்கில் போனேன். சந்து முனையிலேயே கண்டக்டர் கல்லில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கையை உயர்த்தினார். நிறுத்தினேன். எஞ்சினை அணைக்கச் சொல்லி விரலால் காட்டினார். அணைத்தேன். மீன்காரர் ஏற்கெனவே அவர் கட்டளைப்படி கூவாமல் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்.

"தூங்குறா," என்றார். எனக்கு ஏதோ பரிசு கொடுப்பதுபோல அதைச் சொன்னார்.

இப்போது ஜெராக்ஸ் கடையும் இல்லை, தரகும் இல்லை. ஆனாலும் அந்தச் சந்து வழியாகப் போக நேர்ந்தால், ஆடியோ ஆவணியோ, அவர் கல்லில் இருக்கிறாரோ இல்லையோ, முனையிலேயே வண்டியை அணைத்துவிட்டு அந்தப் பக்கம் வரைக்கும் தள்ளிக்கொண்டுதான் போகிறேன்.