ஆரோக்கியசாமிக்கு இருபத்தொன்பது வயது

ஆம்பூருக்கு மேற்கே, பாலாற்றங்கரையில், பட்டைக்கொல்லை என்னும் எங்கள் ஊரில் கிழவர்கள் இருக்கிறார்கள் என்ற விஷயம் 1931-ஆம் வருஷம் ஜூன் மாதம் மேலிடத்துக்குத் தெரியவந்தது. அதற்கு முன்பும் அவர்கள் இருந்தார்கள். ஆனால் முறைப்படி அல்ல.

தெரிந்த பிறகு மேலிடம் சும்மா இருக்குமா? 'கிராமாந்தர முதியோர் மற்றும் குடும்ப சம்ரக்ஷண சகாய சபை' என்று ஒன்று ஸ்தாபிதம் ஆயிற்று. பெயர்ப்பலகை எழுதும்போது பலகையில் இடம் போதவில்லை. ஆகையால் 'சகாய' என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டு எழுதி, ஊர்க்கோடியில் காலியாகக் கிடந்த பட்டைக் கிடங்கின் வாசலில் மாட்டினார்கள். கிடங்குக்குள் கேழ்வரகு மூட்டைகள் வந்து இறங்கின. அறுபது வயது பூர்த்தியாகி, உழைக்கத் திராணியற்றுப் போன ஒவ்வொருவருக்கும் மாதம் எட்டுப் படி கேழ்வரகு என்பது சபையின் தீர்மானம்.

தீர்மானத்தை நிறைவேற்ற ஸ்பெஷல் ஆபீசராக கோதண்டராமன் வந்தார். பி.ஏ. படித்தவர். சென்னையில் இருந்தவர், வேலூரிலும் இருந்தவர். கிழவர்களைப் பற்றி இரண்டு ஊர்களிலும் கேள்விப்பட்டிருந்தார்.

முதல் மனு ஆரோக்கியசாமியுடையது. தோல் பதனிடும் ஷாப்பில் பட்டைக் குழி வேலை அவருக்கு. இடுப்பளவு ஆவாரம்பட்டைத் தண்ணீரில் இறங்கித் தோலை மிதித்து, புரட்டி, மறுபடி மிதிக்க வேண்டும். இதையே நாற்பது வருஷமாகச் செய்ததில் இரண்டு முழங்காலும் போய்விட்டன. குழியில் இறங்கிவிடலாம், ஏறுவதற்குத்தான் இரண்டு பேர் கை கொடுக்க வேண்டும். 'வர்றதா இருந்தா ஒழுங்கா வா, இல்லாட்டி வேலையை விட்டு நின்னுக்கோ' என்று ஷாப்பில் மேஸ்திரி சொல்லியிருந்தான். மாதம் எட்டுப் படி கிடைத்தால் நின்றுகொள்ளலாம். ஆரோக்கியசாமிக்கு வேண்டியது அவ்வளவுதான். இனிமேல் குழியில் இறங்கக்கூடாது.

"வயசு?" என்றார் கோதண்டராமன்.

"ஆவுது சாமி."

"எவ்வளவு ஆகிறது?"

"தாது வருசத்துப் பஞ்சத்துல எங்க நைனா செத்தாரு. அவருக்குக் குழி வெட்டுனவன் நான்தான்."

"அதற்கு ஏதாவது அத்தாட்சி?"

"அவரு திரும்பி வர்லியே சாமி."

கோதண்டராமன் பேனாவைக் கீழே வைத்தார். "ஐம்பத்தைந்து வருஷத்துக்கு முந்திய பஞ்சம் ஒரு தஸ்தாவேஜு ஆகாது. மாதா கோயில் ஞானஸ்நானப் புஸ்தகத்தில் எழுதியிருக்குமே?"

"எழுதியிருக்கும். ஆனா பஞ்சம் முடிஞ்சி ரொம்ப நாள் கழிச்சித்தான் நாங்க வேதத்துல சேர்ந்தோம். சாமியாரு தலையில தண்ணி ஊத்துறப்பவே எனக்கு மீசை இருந்துச்சி."

"மீசையோடு பிறந்ததாக நான் எப்படி ஐயா எழுதுவது?"

நியாயமான கேள்வி. ஆரோக்கியசாமிக்குப் பின்னால் இன்னும் அறுபது எழுபது பேர் நின்றிருந்தார்கள். பிறந்த தேதியைக் குறித்துவைக்கும் பழக்கம் இல்லாமலே இத்தனை ஜனங்கள் எப்படி இத்தனை காலம் கிழவர்களாகி வந்தார்கள் என்பது கோதண்டராமனுக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது.

மறுநாள் அவர் தோல் ஷாப்பைப் பார்வையிடப் போனார். அங்கே வாஹித் பாஷா உட்கார்ந்து ஆட்டுத் தோல்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். தோலைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு தேய்ப்பு. "மலையாடு. மூணு வயசு. முள்ளுக்காட்டுல மேஞ்சிருக்கு. ரெண்டாம் தரம்." அடுத்த தோல். "ரெண்டு வயசு. நல்லா வளர்த்திருக்கான். மொத தரம்."

கோதண்டராமன் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். ஞானம் பிறந்த முகம் எப்படி இருக்கும் என்பதை அன்றுதான் பார்த்தோம் என்று ஷாப்பில் வேலை செய்தவர்கள் பிற்பாடு சொன்னார்கள்.

"பாஷா சாகிப், நீர் தடவிச் சொல்கிற வயசு தப்பியதுண்டா?"

"இருவது வருசமா தப்பலீங்க சார்."

"நாளையிலிருந்து சபைக்கு வாரும்."

விஷயம் புரிந்ததும் பாஷா கையிலிருந்த தோலைக் கீழே போட்டார். "சார், நான் பார்க்குறது செத்த ஆட்டுத் தோலு."

"அதனாலென்ன? உயிர் இருக்கிற காரணத்தால் தோல் தோல் அல்ல என்று ஆகிவிடுமா?"

"மனுசன் கையைப் புடிச்சித் தரம் சொல்றதுன்னா பேஜாரா இருக்குது சார்."

"தரம் வேண்டாம். வயசு மட்டும் சொல்லும். வயசு சொல்லத் தெரிந்த ஒரே மனிதர் இந்தத் தாலுகாவில் நீர்தான்."

அதையும் மறுப்பதற்கில்லை. மறுநாள் காலை கிடங்கு வாசலில் மேஜை போட்டார்கள். ஊரே வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டது. ஆரோக்கியசாமி கையை நீட்டினார். பாஷா அதைப் பிடித்தார், கண்ணை மூடினார், தேய்த்தார். முகம் மாறிப்போயிற்று.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். ஆவாரம்பட்டைத் தண்ணீருக்குப் பாரபட்சம் கிடையாது. உள்ளே இறங்குவது ஆட்டின் தோலா, ஆளின் தோலா என்று அது பார்க்காது. எது வந்தாலும் சுருங்காமல், அழுகாமல், பதப்படுத்திக் கொடுத்துவிடும். ஆட்டுத் தோலை ஒரு மாதத்தில் எடுத்துவிடுவார்கள். ஆரோக்கியசாமியை நாற்பது வருஷமாக எடுக்கவில்லை. அவருடைய கை புதுச் செருப்பு மாதிரி, ஒரு சுருக்கம் இல்லாமல் வழவழவென்று இருந்தது.

"சொல்லும்" என்றார் கோதண்டராமன்.

"மொத தரம் சார்" என்றார் பாஷா, தன்னையறியாமல்.

"வயசு?"

"தோலை மட்டும் கேட்டீங்கன்னா முப்பதுகூட ஆவல. இருவத்தொம்பது. ஆனா சார், நான் பொடியனா இருந்தப்பவே இந்த மனுசனுக்கு..."

"உம்முடைய அபிப்பிராயம் சபைக்கு வேண்டாம். தோலின் அபிப்பிராயம் போதும்." கோதண்டராமன் எழுதினார். வயது 29.

"இன்னா சாமி இது" என்றார் ஆரோக்கியசாமி. "என் மவனுக்கே நாப்பத்திரெண்டு ஆவுது."

"மகனைக் கூப்பிடும்."

மகன் இருதயராஜ் பக்கத்தில்தான் நின்றிருந்தான். அவனுக்கும் அதே ஷாப்பில்தான் வேலை. ஆனால் சுண்ணாம்புக் குழியில். தோலிலிருந்து மயிர் கழல்வதற்காக முதலில் சுண்ணாம்பு நீரில் ஊறவைப்பார்கள். சுண்ணாம்பு கையைத் தின்றுவிடும். வெடித்து, வெளுத்து, சுருங்கிப்போன அவன் கையைப் பாஷா தொட்டார். தொட்டவர் கையை விட்டுவிட்டு ஆபீசரைப் பார்த்தார்.

"தயங்காமல் சொல்லும்."

"எழுவத்தெட்டு" என்றார் பாஷா, பூமியைப் பார்த்துக்கொண்டு.

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. கோதண்டராமன் சிரிக்கவில்லை. தகப்பனுக்கு இருபத்தொன்பது, மகனுக்கு எழுபத்தெட்டு என்று ஒரே பக்கத்தில் எழுதி, மை ஒற்றினார்.

இருதயராஜ் கெட்டிக்காரன். "சரிங்க சார். நைனாவுக்கு இல்லாட்டி எனக்காச்சும் குடுங்க. எனக்குத்தான் எழுவத்தெட்டு ஆயிப்போச்சே. நான் வாங்கி அவருக்குக் குடுத்துக்குறேன்."

"பேஷாக. உமக்குத் தகுதி பூரணமாக இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டே கோதண்டராமன் விதிப் புஸ்தகத்தைப் புரட்டினார். பதினாலாவது விதியில் விரல் நின்றது. "'வீட்டில் திடகாத்திரமான வாலிபன் இருக்கும் பட்சத்தில், முதியவரை மேற்படி வாலிபனே போஷிக்கக் கடவன்.' உம் வீட்டில் இருபத்தொன்பது வயதில் ஒருவர் இருக்கிறாரே."

"அது எங்க நைனா சார்."

"உறவுமுறை சபைக்குச் சம்பந்தம் இல்லாதது."

ஆரோக்கியசாமி மகனைத் திரும்பிப் பார்த்தார். "டேய் இருதயம், உன்னைப் பெத்ததுக்கு இன்னிக்கித்தான்டா வருத்தப்படுறேன்."

"யாரு யாரைப் பெத்ததுன்னு ஆபீசர் இன்னும் எழுதலியே நைனா. கொஞ்சம் பொறு."

அன்று மாலைக்குள் பட்டைக் குழிக் கிழவர்கள் அறுபத்து மூன்று பேரும் வாலிபர்களாகிவிட்டார்கள். சுண்ணாம்புக் குழி வாலிபர்களில் எழுபது தாண்டாதவன் இல்லை. ஆனால் அவர்கள் அத்தனை பேர் வீட்டிலும் ஒரு வாலிபத் தகப்பன் இருந்தான். ஆக, ஒரு படி கேழ்வரகுகூட வெளியே போகவில்லை. 'தோல் பதனிடும் பிரதேசத்தில் ஆதரவற்ற முதுமை என்பது காணப்படவில்லை' என்று கோதண்டராமன் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார். ஆரோக்கியசாமி பட்டைக் குழிக்கு அனுப்பப்பட்டார்.

அறிக்கையைப் படித்துப் பூரித்துப்போன சபை பிரசிடெண்டு வேலூரிலிருந்து மோட்டாரில் வந்து சேர்ந்தார். பத்து வருஷமாக நாற்பத்தொன்பது வயதிலேயே இருந்து வந்த கனவான் அவர். எல்லோர் முன்னிலையிலும் பாஷாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பாஷா தொழில் மறதியில் கண்ணை மூடிவிட்டார்.

"அறுவத்தி நாலு."

பிரசிடெண்டு கையை உருவிக்கொண்டு, மழை வருமா என்று வானத்தைப் பார்த்தார். அன்று சாயங்காலம் அவருடைய மோட்டாரின் பின்சீட்டில் இரண்டு குடம் பட்டைத் தண்ணீர் ஏறியது. கால் வலிக்கு ஒத்தடம் என்று டிரைவர் சொன்னான்.

அங்கிருந்துதான் நாகரிகம் பரவியது. வேலூரில் பென்ஷன் நெருங்கிய குமாஸ்தாக்கள் முதலில் வந்தார்கள். அப்புறம் வக்கீல்கள். அப்புறம் முப்பது வயதே ஆன, எந்தக் குறையும் இல்லாத பணக்கார வீட்டு மருமகள்கள். கை பழுப்பாக இல்லாதவரைப் பார்த்து, "என்ன சார், உடம்புக்கு ஆகவில்லையா?" என்று கிளப்பில் விசாரித்தார்களாம். குழியைச் சுற்றி நாற்காலி போட்டு, குடை பிடித்து, மூக்கைக் கைக்குட்டையால் மூடி, மறு கையைத் தண்ணீரில் விட்டபடி உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் ஆரோக்கியசாமி தோல் மிதிப்பார்.

"எத்தனை நாளில் பிடிக்கும் அப்பா?" என்று கேட்டார் ஒரு ஹெட்கிளார்க்.

"உங்களுதுக்கா சாமி? நாப்பது வருசம் இறங்கி நிக்கணும்."

"அவ்வளவு அவகாசம் இல்லையே. எனக்கு மார்ச்சில் ரிடையர்மெண்டு."

"அப்போ இறங்குங்க சாமி. எனக்கும் பேச்சுத் தொணையா இருக்கும்."

ஹெட்கிளார்க் இறங்கவில்லை.

மார்ச் மாதம் வந்தது. கிடங்கில் கேழ்வரகு அப்படியே இருந்தது. கணக்கு வருஷம் முடிவதற்குள் விநியோகம் ஆகாவிட்டால் சபையைக் கலைத்துவிடுவோம் என்று மேலிடத்திலிருந்து தாக்கீது வந்தது. கோதண்டராமன் மூன்று நாள் யோசித்து, தண்டோரா போட்டார். தோல் ஷாப்பில் வேலை செய்யாதவராயினும், தோல் சுருங்கிய சகலரும் வரலாம். பாஷாவின் விரலுக்கு அறுபது தட்டினால் ஒரு வருஷத்துக் கேழ்வரகும் மொத்தமாக, இரண்டு மூட்டையாக, உடனே கிடைக்கும்.

அதுவரை நாங்கள், அதாவது கடைத்தெருக்காரர்கள், வேடிக்கை பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். வேலூர்க்காரர்களின் பைத்தியக்காரத்தனத்தைச் சொல்லிச் சொல்லி ஒருவர் தோளில் ஒருவர் விழுந்து சிரித்திருக்கிறோம். தண்டோரா கேட்ட அன்று யாரும் சிரிக்கவில்லை. மறுநாள் விடிந்ததும் நான் இருதயராஜைத் தேடிக்கொண்டு சுண்ணாம்புக் குழிப் பக்கம் போனேன். எனக்கு முன்பே அங்கே துணிக்கடைக்காரர், போஸ்ட் மாஸ்டர், ஊர்க் கணக்குப்பிள்ளை எல்லோரும் முழங்கை வரை கையைச் சுண்ணாம்புத் தண்ணீரில் விட்டுக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் குந்தியிருந்தார்கள். நானும் ஓர் ஓரமாகக் குந்தினேன்.

"ஜாஸ்தி நேரம் வெக்காதீங்க, நெசமாவே கெழவனாயிடுவீங்க" என்றான் இருதயராஜ். யாரும் கையை எடுக்கவில்லை.

வரிசையில் என் முறை வந்தது. பாஷா என் கையைப் பிடித்தார். என் விரலிலிருந்து சுண்ணாம்பு வாடை எனக்கே அடித்தது. அவருக்கு அடிக்காமலா இருக்கும்? அவர் கண்ணை மூடவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை.

"அறுவத்தி ஒண்ணு" என்றார்.

எங்கள் வீடுகளில் அத்தாட்சி பெற்ற வாலிபர் யாரும் இல்லாததால் பதினாலாவது விதி எங்களைத் தீண்டவில்லை. ஆனால் விதிப் புஸ்தகத்தில் பதினைந்தாவது ஒன்று இருந்தது. முதியோர் பாரம் சுமக்கலாகாது. அத்தாட்சி பெற்ற வாலிபர்களைத் தொண்டர் படையாகத் திரட்டி மூட்டைகளை வீடு சேர்க்க வேண்டும். வாலிபர் சங்கங்கள் பெருகிய காலம் அது. காக்கி நிஜாரும் ஊதலும் இல்லாமல் எந்த நல்ல காரியமும் நடக்காது. அறுபத்து மூன்று பேருக்கும் நிஜார் தைத்துக் கொடுத்தார்கள். கோதண்டராமன் ஊதலை ஊதினார்.

என் வீட்டுக்கு மூட்டை கொண்டுவந்தவர் ஆரோக்கியசாமி. ஒன்றைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, திரும்பிப் போய் இன்னொன்றையும் கொண்டுவந்தார். வாசற்படி ஏற முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். நிஜாருக்குக் கீழே முழங்கால் இரண்டும் உதறிக்கொண்டிருந்தன. நினைவு தெரிந்த நாளிலிருந்து நான் அவரை மாமா என்றுதான் கூப்பிட்டு வந்தேன். எனக்கு அப்போது முப்பத்தாறு வயது.

"எங்க வெக்கிறது பெரியவரே?" என்றார்.

தெருவில் கோதண்டராமன் நோட்டும் கையுமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ளே அடுப்பங்கரையில் வை, தம்பி" என்றேன்.