வெறும் வயிற்றில் வரவும்

என் மனைவி ஐவி உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்த அன்றே ஒரு சபதம் எடுத்தேன். எத்தனை செக்கப் இருந்தாலும் சரி, ஒன்றுக்குக்கூட அவளைத் தனியாக அனுப்பமாட்டேன். சாந்தோம் பங்கு முழுக்க இந்தச் செய்தி பரவியது. ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால் பெண்கள் என்னைக் காட்டித் தங்கள் கணவன்மார்களை இடித்துப் பேசினார்கள். அந்தக் கணவன்மார்கள் என்னை முறைத்தார்கள். வயிற்றெரிச்சல் பிடித்த கூட்டம்.

உங்களிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தேனாம்பேட்டையில் ஐவியைப் பார்க்கிற டாக்டரம்மாவின் கிளினிக்கிலிருந்து இரண்டு கட்டடம் தள்ளி ஒரு ஸ்வீட் கடை இருக்கிறது. காலையிலேயே அடுப்பு மூட்டிவிடுவார்கள். ஜாங்கிரி நெய்யிலிருந்து எழுந்து நேராகப் பாகில் போய்ப் படுக்கும். அங்கிருந்து நேராக என் வாய்க்கு வரும்.

எங்கள் வீட்டில் இனிப்புக்குத் தடை. என் அப்பா ஸ்தனிஸ்லாஸ், திருவான்மியூரில் அண்ணன் வீட்டில் இருக்கிறார். சர்க்கரை வியாதியில் அவருக்கு இரண்டு கால்விரல்களை எடுத்தார்கள். அன்றிலிருந்து ஐவிக்கு என்மேல் சந்தேகம். "ஒரே ஒரு தடவை டெஸ்ட் பண்ணிக்குங்க" என்று நச்சரிப்பாள். நான் கோபாலபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் வாத்தியார். டெஸ்ட் வைக்கிற ஜாதி, எழுதுகிற ஜாதி இல்லை. மேலும், டெஸ்ட் செய்கிறவனுக்குத்தானே வியாதி வருகிறது? நான் மறுத்தேன். அவள் வீட்டிலிருந்து சர்க்கரை டப்பாவையே தூக்கிவிட்டாள். கிறிஸ்துமஸுக்குச் செய்த கல்கல் பலகாரம்கூட எதிர்வீட்டுக்குப் போயிற்று.

கர்ப்பம் என்றதும் எனக்கு ஒரு நம்பிக்கை வந்தது. "ஐவி, பாப்பா இனிப்பு கேக்குதா?" என்று தினமும் விசாரித்தேன்.

"இல்லீங்க. எலுமிச்சங்கா ஊறுகா கேக்குது."

வயிற்றிலிருக்கும்போதே அம்மா கட்சி. சரி, நம் வழியை நாம் பார்க்கவேண்டியதுதான் என்று முடிவு செய்தேன்.

செக்கப் என்றால் என்னவோ ஏதோ என்று பயப்படுகிறீர்களே, அதில் ஒன்றுமே இல்லை. எடை மெஷினில் ஏற்றுவார்கள். கையில் பட்டையைச் சுற்றிப் புஸ் புஸ் என்று பிபி பார்ப்பார்கள். சின்ன டப்பாவைக் கொடுத்து பாத்ரூமுக்கு அனுப்புவார்கள். வயிற்றை டேப் வைத்து அளப்பார்கள், தையற்கடை மாதிரி. அப்புறம் ஒரு கருவியை வைத்து, குதிரை ஓடுகிற சத்தத்தைக் கேட்கவிட்டு, அதுதான் குழந்தையின் இதயம் என்பார்கள். அந்தச் சத்தத்தை முதலில் கேட்டபோது என் கண்ணில் தண்ணீர் வந்தது. ஏ.சி. காற்று நேராக முகத்தில் அடித்ததால் இருக்கலாம். கடைசியில் இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, அடுத்த தேதி. இதற்குப் பாதி நாள் உட்கார வேண்டும்.

உட்கார்ந்திருக்கும் கணவன்மார்களைப் பார்க்கவேண்டுமே. மடியில் மனைவியின் ஹேண்ட்பேக், கையில் ஃபைல், முகத்தில் தூக்குத் தண்டனை. என் பக்கத்து நாற்காலிக்கு வழக்கமாக வருகிறவர் குலாம் முகம்மது. ஆட்டோ உதிரிபாகக் கடைக்காரர். மூன்றாவது குழந்தைக்காக வந்துகொண்டிருந்தார்.

"இன்னா வாத்தியாரே, டோக்கன் போட்டாச்சா?"

"ஆச்சு பாய். நான் ஒரு போன் பேசிட்டு வந்துடறேன்."

"எப்பப் பாத்தாலும் போன் பேசிக்கினே கீறியே. வாயைத் தொடைச்சிக்கினு வா நைனா. போன தபா மீசைல பாகு இருந்துச்சு."

இந்த மாதிரி ஆட்களோடுதான் ஒருவன் உட்காரவேண்டியிருக்கிறது. ஆனாலும் மீசையைத் துடைத்துக்கொண்டேன். வெற்றிலை வேறு போட்டுக்கொண்டேன். ஐவி எடை மெஷினிலிருந்து இறங்கும்போது நான் நல்ல பிள்ளையாக ஹேண்ட்பேக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

ஐவியின் மூக்கைப் பற்றி ஒரு வார்த்தை. மசக்கை தொடங்கியதிலிருந்து அவளுக்கு எல்லாம் நாறியது. அடுத்த தெருவில் மீன் கழுவினால் இங்கே ஜன்னலைச் சாத்துவாள். என் சோப்பை மாற்றச் சொன்னாள், செருப்பை வெளியே வைக்கச் சொன்னாள், ஒரு நாள் என்னையே வெளியே போகச் சொன்னாள். எல்லாம் வெறும் பிரமை என்று விளக்கினேன். வாசனைத் துகள்கள் காற்றில் பரவும் வேகத்தைப் பற்றி ஒரு சின்ன வகுப்பே எடுத்தேன். அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டாள்.

ஆறாம் மாதம் டாக்டர் மாளவிகா சொன்னார், "அடுத்த தடவை நமக்கு குளுகோஸ் டெஸ்ட்." டாக்டர்களுக்கு எல்லாமே 'நமக்கு'தான். வலி வரும்போது மட்டும் 'உங்களுக்கு' ஆகிவிடும்.

அன்று காலை கிளினிக்கில் ஐவி அழாத குறை.

"என்னால முடியாதுங்க. அந்தத் தண்ணி ஒரே தித்திப்பாம். குடிச்சா வாந்தி வந்துடும்."

"தித்திப்புக்கு யாராவது பயப்படுவாங்களா?"

"உங்களுக்கென்ன, சொல்லுவீங்க. நீங்களா குடிக்கப் போறீங்க?"

"ஏன், குடுத்தா குடிச்சிட்டுப் போறேன்."

"நெஜமாவா? நீங்க கூடக் குடிச்சா நானும் குடிச்சிடுவேன்."

லேபிலிருந்த பெண் ஹம்சினி இரண்டு பாட்டிலில் குளுகோஸ் கலக்கிக் கொண்டுவந்தாள். இரண்டும் ஏற்கெனவே தயாராக இருந்ததை நான் கவனித்தேன். சுறுசுறுப்பான பெண் என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

"சார், உங்க பேரு, வயசு?"

"குடிக்கிறதுக்கு வயசெல்லாம் எதுக்கும்மா?"

"இங்க எல்லாருக்கும் கேப்போம் சார்."

அதிகப்பிரசங்கித்தனம். ஃபிரெட்ரிக் என்று சொல்லி, வயதையும் சொல்லிவிட்டுக் குடித்தேன். என் மனைவியின் கண்ணெதிரே, என் மனைவியின் சம்மதத்தோடு, பாட்டில் நிறைய இனிப்பு. ஐவியும் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் குடித்துவிட்டாள். வாந்தி வரவில்லை. என் தைரியம் அவளுக்கும் தொற்றிக்கொண்டதாகப் பெருமைப்பட்டேன்.

பிறகு இரண்டு மணி நேரம் காத்திருக்கவேண்டும். நான் போன் பேச எழுந்தேன். ஐவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போகாதீங்க. தலை சுத்துது."

அன்றைய ஜாங்கிரி போயிற்று. பரவாயில்லை, குளுகோஸ் உள்ளே இருக்கிறதே. ரத்தம் எடுக்க ஹம்சினி ஊசியோடு வந்ததும் ஐவி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"எனக்கு பயமா இருக்கு. முதல்ல நீங்க குடுங்க, அப்புறம் நான் குடுக்கறேன்."

"சார், உங்களுக்கும் எடுத்துடலாமா?" என்றாள் ஹம்சினி.

"ஒரு கை என்னம்மா, ரெண்டு கையிலயும் எடு" என்று சட்டையை மடித்துவிட்டேன். குலாம் முகம்மது எட்டிப் பார்த்தார். வீரன் எப்படி இருப்பான் என்று அந்த மனிதருக்கும் தெரியட்டுமே.

ரிசல்ட் வந்ததும் டாக்டர் இருவரையும் உள்ளே கூப்பிட்டார்.

"ஐவிக்கு எல்லாம் நார்மல். கவலைப்பட ஒண்ணுமே இல்ல."

"நான்தான் சொன்னேனே டாக்டர். இவ சும்மா பயந்துட்டா."

"உங்களுக்குத்தான் சர்க்கரை இருக்கற மாதிரி தெரியுது."

"எனக்கா? நான் சும்மா துணைக்குக் குடிச்சேன் டாக்டர்."

"துணைக்குக் குடிச்சாலும் ரத்தத்துல அதேதான் தெரியும் சார். மேல மாடில சர்க்கரை டாக்டர் இருக்கார். உறுதி பண்ணிக்க அடுத்த வாரம் வெறும் வயித்துல வாங்க. இப்பவே பாத்துட்டதால சாப்பாட்டையும் நடையையும் சரி பண்ணினாலே நல்லா அடக்கிடலாம்."

ஆட்டோ மந்தைவெளி தாண்டும்போதுதான், முன்கூட்டியே தயாராக இருந்த அந்த இரண்டு பாட்டிலும் என் ஞாபகத்துக்கு வந்தன.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"முதல் செக்கப்லேர்ந்து. ஒரே நெய் வாசனை. முதல் தடவை ஜாங்கிரி, அடுத்த தடவை மைசூர்பா. அப்புறம் மறுபடியும் ஜாங்கிரிதான்."

"வெத்தலை போட்டுட்டுத்தானே வந்தேன்?"

"வெத்தலை போட்ட ஜாங்கிரி வாசனை வந்துச்சு."

"வாந்தி வரும்னியே?"

"மசக்கை நின்னு எவ்வளவு நாளாச்சு. நீங்கதான் கவனிக்கல."

"டாக்டரும் கூட்டா?"

"டெஸ்ட் பண்ணிக்க மாட்டேங்கறார்னு அழுதேன். கூட்டிட்டு வாங்க, சம்மதிச்சா எடுத்துடலாம்னாங்க. நீங்க ரெண்டு கையையும் நீட்டினீங்க." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "மாமா கால்ல கட்டு மாத்தறப்ப நான் பக்கத்துல நின்னுருக்கேன். இந்தப் பாப்பா நடக்கக் கத்துக்கறப்ப பின்னாடி ஓடறதுக்கு உங்களுக்குக் கால் வேணும்."

கோபித்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன். கண்ணைத் துடைக்கவேண்டியதாகிவிட்டது. ஆட்டோவில் ஏ.சி. கிடையாது, அதனால் காற்றின்மேலும் பழி போட முடியவில்லை.

அடுத்த வாரம் மாடியில் சர்க்கரை டாக்டரின் வாசலில் உட்கார்ந்திருந்தேன். முந்தின இரவிலிருந்து பச்சைத் தண்ணீர் மட்டும். என் ஃபைல் ஐவியின் மடியில் இருந்தது. டோக்கன் வர நேரமாகும் என்றார்கள். ஐவி ஃபைலை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

"ஒரு போன் பேசிட்டு வந்துடறேங்க."

நல்ல பெண், அவள் அம்மாவிடம் என் உடம்பைப் பற்றிச் சொல்லி அழப்போகிறாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். காலியான வயிறு மூக்கை எப்படித் தீட்டிவிடுகிறது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"ஐவி, ஜாங்கிரியா?"

புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"பாப்பா இனிப்பு கேக்குதான்னு தினம் விசாரிச்சீங்களே, இன்னிக்குக் கேட்டுச்சுங்க."