பலகையில் ஒன்பது எழுத்து

"உங்க கம்பெனி மோட்டாரு நைனா, நீங்களே பாருங்க" என்று சொல்லிக்கொண்டே, வாடகை வண்டியிலிருந்து இறக்கிய மோட்டாரைக் கடைப் படியில் வைத்தான் பச்சமுத்து. கருகிய வாடை கல்லாப் பெட்டி வரை வந்தது.

வேதகிரி மூக்கைப் பொத்திக்கொள்ளவில்லை. பொத்தினால் தப்பை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று பயந்தார்.

"எப்போ நின்னுச்சு?"

"எட்டு நாளாச்சு. நெல்லு கதிரு வாங்கற நேரம். திருமுக்கூடலுக்கு வந்து பாருங்க, நெலம் பாளம் பாளமா வெடிச்சிக்கினு கீது. கெணத்துல மாடு பூட்டி கவலைல தண்ணி எறைக்கலாம்னா, ஏர்மாட்ட வித்துத்தான இத்த வாங்கனேன்."

தை மாதம் திருமுக்கூடல் பார்வேட்டைத் திருவிழாவில், ஆற்று மணலில் பந்தல் போட்டு, வேதகிரி ஒரே நாளில் நான்கு மோட்டார் விற்றிருந்தார். அந்தக் கூட்டத்தில் வாங்கினவர்கள் முகம் ஒன்றும் அவர் மனசில் தங்கவில்லை.

பச்சமுத்து தலைக்கு மேலே இருந்த கடைப் பலகையைக் காட்டினான். "டிஸ்டிரிபியூட்டர்னு இம்மாம் பெருசா போட்டுக்கினு கீறீங்க. நீங்கதான் ஒரு வழி பண்ணணும்."

அந்தப் பலகைமேல் வேதகிரிக்குத் தனிப் பிரியம். உத்தரமேரூர்க் கடைத்தெருவில் எவரும் அதை ஒரே மூச்சில் படித்ததில்லை. அந்த நிமிஷம் முதன்முறையாக அதன்மேல் கசப்பு வந்தது.

"நாளைக்கு வாப்பா" என்று அனுப்பிவைத்தார்.

வீட்டில் மனைவி ஆண்டாளம்மாள் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள். "பில்லு இருக்குதான்னு கேட்டீங்களா?"

"பில்லு கேட்டா நாம பயந்துட்டோம்னு நெனைப்பான். இது சட்ட விஷயம். ஒனக்குப் புரியாது."

ஆண்டாளம்மாள் மோரை ஊற்றிவிட்டுப் போய்விட்டாள்.

வக்கீல் குமாஸ்தா ராஜாராம், கம்பெனி ஒப்பந்தத்தை எட்டப் பிடித்துப் படித்தார். ஒரு சாவுச் செய்தியைப் படிப்பதுபோல் இருந்தது அவர் முகம்.

"வேதகிரி, ஏஜென்ட்டுன்னா சரக்கு கம்பெனியோடது. நீ வித்துக் குடுத்து கமிஷன் வாங்கிக்கிற. கெட்டுப்போனா கம்பெனி பதில் சொல்லணும். டிஸ்டிரிபியூட்டர்னா சரக்க நீயே வாங்கிட்டே. அது உன்னுது. கெட்டுப்போனா, வாங்கனவன் உன் கழுத்தத்தான் புடிப்பான்."

"நான் எது?"

"டிஸ்டிரிபியூட்டர். கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டியே. ஆனா ஒண்ணு. பத்திரத்துல இருக்கற பேர மட்டும் கோர்ட்டு பாக்காது. நீ எப்படி நடந்துக்கறேன்னும் பாக்கும். ஜாக்கிரதை."

ராஜாராம் எச்சரிக்கையாகச் சொன்னதை வேதகிரி யோசனையாக எடுத்துக்கொண்டார். நேராகப் பெயிண்டர் ஞானதாஸ் வீட்டுக்குப் போனார்.

மறுநாள் கடை திறக்குமுன் பலகையில் 'ஏஜென்ட்' என்று இருந்தது. ஞானதாஸ் ஏணியில் நின்றபடியே வருத்தப்பட்டான்.

"ஒன்பது எழுத்து இருந்த எடத்துல நாலு எழுத்துண்ணே. பொக்கை வாய் மாதிரி கீது. ஒரு தாமரப்பூ போட்டுடட்டா?"

"போடு. சீக்கிரம் போடு."

பச்சமுத்து வந்தான். அண்ணாந்து பார்த்தான். எழுத்துக்கூட்டிப் படித்தான். அவன் முகம் விழுந்துவிட்டது.

"இங்கயும் ஏஜென்ட்டுதானா?"

"ஆமாப்பா. நான் வெறும் ஏஜென்ட்டு. நீ பட்டணத்துக்குப் போயி கம்பெனியக் கேளு."

பச்சமுத்து கோபப்படவில்லை. அதுதான் வேதகிரிக்குக் கஷ்டமாக இருந்தது. செத்த மோட்டாருக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்து, துண்டால் அதன் தூசியைத் துடைக்க ஆரம்பித்தான். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தான்.

பகல் பன்னிரண்டு மணிக்குக் கம்பெனி லாரி வந்து நின்றது. கழுத்துப்பட்டி கட்டிய அதிகாரி இறங்கிப் பலகையைப் பார்த்தார்.

"என்ன மிஸ்டர் வேதகிரி, ஏஜென்ட்டா மாறிட்டீங்களா? ரொம்ப நல்லதாப் போச்சு. வாலாஜாபாத் ஏஜென்ட்கிட்ட சரக்கு தீர்ந்துபோச்சு. உள்ள எத்தனை மோட்டார் இருக்கு?"

"ஆறு சார். ஏன்?"

"ஏஜென்ட்னா சரக்கு எங்களோடது. எங்க வேணும்னாலும் எடுத்துட்டுப் போவோம். ஏத்துங்கப்பா!"

அந்த ஆறு மோட்டாரும் ஆண்டாளம்மாளின் கல்யாணச் சங்கிலியை விற்று வாங்கியவை. இரண்டு ஆட்கள் முதல் மோட்டாரைத் தூக்கியதும் வேதகிரி தெருவைப் பார்த்துக் கூவினார்.

"ஞானதாஸு! ஏய் ஞானதாஸு! ஏணிய எடுத்துக்கினு வாடா!"

ஞானதாஸ் டீக்கடையிலிருந்து ஓடி வந்தான். "இன்னாண்ணே?"

"பழைய எழுத்தே போடு!"

"தாமரை கீதேண்ணே?"

"தாமரை மேலயே எழுது!"

அதிகாரி ஏணியையும் வேதகிரியையும் மாறி மாறிப் பார்த்தார். "பெயிண்ட்ட வெச்சு நான் என்ன பண்றது? வாயால சொல்லுங்க. நீங்க யாரு?"

வேதகிரி நடுத்தெருவில் நின்றார். கடைத்தெருவே கேட்க, தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினார்.

"நான் டிஸ்டிரிபியூட்டர்! இந்தக் கடையில கீற ஒவ்வொரு மோட்டாரும் என்னுது! லாபமும் என்னுது, நஷ்டமும் என்னுது!"

"சந்தோஷம். அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்க" என்றார் அதிகாரி. எழுதி வாங்கிக்கொண்டு, தூக்கிய மோட்டாரை இறக்கச் சொல்லிவிட்டு லாரியில் ஏறினார்.

புழுதி அடங்கியதும் பச்சமுத்து மெதுவாக எழுந்தான். "அப்ப, படியில கீற இந்த மோட்டாரும் உங்களுதுதான நைனா?"

 ஏணியில் நின்ற ஞானதாஸ் தூரிகையை நிறுத்திவிட்டுக் கீழே பார்த்தான்.

 வேதகிரி பலகையைப் பார்க்கவில்லை. இத்தனை நேரம் துடைத்ததில் கரியாகிப்போன அந்தத் துண்டைத்தான் பார்த்தார்.

"புது மோட்டார் ஒண்ண வண்டியில ஏத்து. நானும் வரேன்" என்றார்.

திருமுக்கூடலில் பச்சமுத்து சொன்னது பொய்யில்லை. வரப்பில் கால் வைத்தால் மண் உடைந்தது. கதிர் பாதி வெளியே வந்து, மேலே வரத் தெம்பில்லாமல் நின்றது. கூட வந்த ஒயர்மேன் இரண்டு மணி நேரம் முடுக்கி, கடைசியில் சுவிட்சைத் தட்டினான். மோட்டார் ஒரு முனகல் முனகிற்று. குழாயில் காற்று வந்தது, பிறகு சேறு, பிறகு கையகலத்துக்குத் தண்ணீர் பாய்ந்து வெடிப்புகளுக்குள் இறங்கியது.

பச்சமுத்து தண்ணீரோடு கூடவே வாய்க்காலில் நடந்துபோனான்.  சட்டம் எப்படிப் போனாலும், தன் கையால் விற்ற சரக்குக்குத் தானே பதில் சொல்லிவிட்டோம் என்று வேதகிரிக்கு மனசு நிறைந்தது. ஆண்டாளம்மாளிடம் இதை எப்படிச் சொல்லலாம் என்றுகூட யோசித்துவிட்டார்.

பச்சமுத்துவின் மனைவி பாஞ்சாலி, ஒரு சொம்பு மோரை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"நீங்க நல்லா இருக்கணும் நைனா. எங்களுக்கு மோட்டாரு வித்தானே அந்த வாலாஜாபாத்துக் கடைக்காரன், 'நான் வெறும் ஏஜென்ட்டு, எனக்கும் மேல டிஸ்டிரிபியூட்டர்னு பெரிய ஆபீசரு உத்தரமேரூர்ல கீறாரு, அவுரப் போயி பாரு'ன்னு சொல்லி அனுப்பனான். அவன் சொன்ன மாதிரியே, ஒரு பில்லுகூட கேக்காம குடுத்துட்டீங்களே!"