ஞாயிற்றுக்கிழமை விவேக வகுப்பு

கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு ஒரு பொது வியாதி உண்டு. எதிரே இருப்பவர் சொல்வது விளங்காவிட்டால் "என்ன சொன்னீங்க?" என்று திருப்பிக் கேட்க மாட்டோம். தலையை ஆட்டிவிடுவோம். இப்படித் தலையாட்டியே நான் எனக்குச் சேராத சட்டைகள் வாங்கியிருக்கிறேன். முன்பின் தெரியாத ஒருவரின் மரண வீட்டில் பெட்டியின் ஒரு மூலையைத் தூக்கியிருக்கிறேன். (அழவும் செய்தேன். எல்லாரும் அழுதார்கள், நான் மட்டும் எப்படிச் சும்மா நிற்பது?) இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். என் மகள் தர்ஷினிக்காக ஆட்டிய தலை அப்படிப் போகவில்லை.

எனக்குப் பிலிமத்தலாவையில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை. கலஹாவில் சாதாரண தரம் வரை படித்தேன். சிங்களம் மட்டும் கடையில் படித்தது. ஆகவே என்னுடையது ஹாட்வெயார் சிங்களம். ஆணி, பைப், பெயிண்ட், சீமெந்து பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசுவேன். உடம்பு, மனசு என்று பேச்சு திரும்பினால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன்.

அந்த வருடம் தர்ஷினிக்குப் பதினோராம் வகுப்பு, சாதாரண தரப் பரீட்சை. விடியுமுன் எழும்பிக் கண்டிக்கு பஸ் ஏறுவாள். ஸ்கூல் விட்டால் கணித கிளாஸ், அது விட்டால் விஞ்ஞான கிளாஸ். சனிக்கிழமை இங்கிலீஷும் வரலாறும். ஞாயிறு காலையில் கோயிலில் அறநெறிப் பாடசாலை. கிளாசுக்கும் கிளாசுக்கும் நடுவில் பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே ஒரு ரோல்ஸ் சாப்பிடுவாள். அவளுக்கென்று மிஞ்சியது ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஒன்றுதான்.

அந்தப் பின்னேரம் அவள் ஹோலில் வெறும் தரையில் மல்லாந்து படுத்து, இரண்டு காலையும் சுவரில் போட்டுக்கொள்வாள். வயிற்றின் மேல் போன் கிடக்கும். கொஞ்ச நேரம் போனைப் பார்ப்பாள், கொஞ்ச நேரம் கூரையைப் பார்ப்பாள், ஏதாவது முணுமுணுவென்று பாடுவாள்.

"என்னம்மா செய்ற?"

"சும்மாப்பா."

அந்தச் 'சும்மா' எனக்குப் பிடிக்காது. ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் படித்துக்கொண்டிருக்க, இவள் சுவரை மிதித்துக்கொண்டிருக்கிறாளே என்று இருக்கும். சுவரில் குதிகால் அடையாளம் வேறு.

பிறகு அவளுக்குத் தலையிடி தொடங்கியது. சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினாள். வகுப்பில் தூங்கி விழுகிறாள் என்று டீச்சர் போன் எடுத்துச் சொன்னார். கடையில் லீவு கேட்டு (கேட்க இரண்டு நாள் தைரியம் சேர்த்தேன்) அவளைக் கண்டியில் ஒரு டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

டொக்டர் ஒரு சிங்கள அம்மா. என்னை வாய் நிறைய "தாத்தே" என்று கூப்பிட்டார். சிங்களத்தில் அப்பாவைத்தான் அப்படிக் கூப்பிடுவார்கள். இது எனக்குத் தெரியும். இது தெரிந்ததனால் எல்லாம் தெரியும் என்று நினைத்துவிட்டேன், அதுதான் வினை. அவர் தர்ஷினியிடம் வெகுநேரம் பேசினார். பிறகு என் பக்கம் திரும்பிக் கடகடவென்று சொன்னார். நான் கடகடவென்று தலையாட்டினேன். கடைசியில் நிறுத்தி, அழுத்தமாகச் சொன்னார்:

"துவட்ட விவேக மதி, தாத்தே."

துவ என்றால் மகள். மதி என்றால் போதாது; 'ஆணி மதி, பெயிண்ட் மதி' என்று கடையில் தினமும் காதில் விழுகிற சொல். நடுவில் இருப்பது சுத்தமான தமிழ்! உங்கள் மகளுக்கு விவேகம் போதாது. பிள்ளையை வைத்துக்கொண்டே சொல்கிறார். எனக்கு முகம் சுருங்கிப் போய்விட்டது. தர்ஷினியைப் பார்த்தேன். பாவம், அவள் முகம் மலர்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னைத் திட்டுவதுகூட விளங்கவில்லையே, டொக்டர் சொன்னது சரிதான் போல என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் என் மனைவி விஜயாவிடம் மட்டும் மெதுவாகச் சொன்னேன். அவள் சிங்களம் என்னுடையதைவிட மோசம்.

"எம் புள்ளைக்கா விவேகம் இல்ல?" என்று பாய்ந்தாள். "பக்கத்துல ஒங்களப் பாத்திருப்பாங்க. அப்பன் மாதிரித்தான் மகளும்னு நெனச்சிருப்பாங்க."

விவேகத்தை எங்கே வாங்குவது? கடைக்கு வரும் ஒருவர், செஸ் விளையாடினால் புத்தி கூர்மையாகும் என்றார். செஸ் வகுப்பு கண்டியில், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். அன்றைக்கே பதிந்துவிட்டேன்.

"ஞாயித்துக்கெழமயா?" என்றாள் தர்ஷினி. "அப்பா, அன்னைக்கு டொக்டர் சொன்னாங்களே…"

உனக்குப் புத்தி போதாது என்று பெற்ற பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? அவள் மனசு நோகக் கூடாது என்று பெரிய மனிதனாக நடந்துகொண்டேன்.

"டொக்டர் சொன்னது எனக்கு நல்லா வெளங்கிச்சும்மா. நீ அதப்பத்திப் பேச வேணாம். கிளாசுக்குப் போ."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் போன பிறகு, கடையில் மிஞ்சிய பெயிண்டைக் கொண்டுவந்து சுவரில் இருந்த குதிகால் அடையாளங்களை மறைத்தேன். வேலை நன்றாக வந்தது என்று சந்தோஷப்பட்டேன்.

அதற்குப் பிறகு அவள் எதற்கும் எதிர்த்துப் பேசவில்லை. எழும்பச் சொன்னால் எழும்பினாள், படிக்கச் சொன்னால் மேசையில் இருந்தாள். பாட்டு இல்லை, சண்டை இல்லை. அம்மாவிடம்கூட இரண்டு சொல்தான். "பாத்தியா, விவேகம் வருது" என்று விஜயாவிடம் சொன்னேன். (இந்த வரியை எழுதும்போது பேனாவை வைத்துவிட்டு முற்றத்துக்குப் போய்வந்தேன்.)

தலையிடி மட்டும் போகவில்லை. மறுபடியும் அதே டொக்டர். எப்படி இருக்கிறாள் என்று அவர் கேட்டதும், முதல் தடவையாக நானே முந்திக்கொண்டேன். பஸ்ஸில் சொல்லிச் சொல்லிப் பார்த்த வசனம்.

"இரிதா விவேக பந்தி தெம்மா, மேடம்!" ஞாயிற்றுக்கிழமை விவேக வகுப்பில் போட்டிருக்கிறேன்.

டொக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "விவேக வகுப்பா? அங்கே என்ன சொல்லிக் கொடுக்கிறார்கள்? நித்திரை கொள்ளவா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"செஸ், மேடம்."

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினார். திரைக்கு அந்தப் பக்கம் காத்திருந்தவர்கள் சிரித்தது நன்றாகவே கேட்டது. எனக்குக் காது சுட்டது. நானும் சிரித்துவைத்தேன், வழக்கம்போல் தலையையும் ஆட்டினேன்.

தர்ஷினி மட்டும் சிரிக்கவில்லை.

"அப்பா," என்றாள். "சிங்களத்துல விவேகன்னா ஓய்வு. எனக்கு ஓய்வு காணாதுன்னுதான் டொக்டர் அன்னைக்குச் சொன்னாங்க."

இப்போது டொக்டரும் சிரிக்கவில்லை. மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, எனக்கு விளங்கும்வரை திரும்பச் சொன்னார். பிள்ளைக்குத் தூக்கம் வேண்டும். எதுவும் செய்யாமல் இருக்கவும் கொஞ்ச நேரம் வேண்டும். அந்த நேரம் வீண் இல்லை, அதுவும் மருந்துதான்.

திரும்பி வரும்போது பஸ் பேராதனையைத் தாண்டியது. பிறகு அவள் ஜன்னலைப் பார்த்தபடி கேட்டாள்.

"அப்ப அன்னைக்கு ஒங்களுக்கு வெளங்கவே இல்லயாப்பா?"

"இல்லம்மா."

"நல்லா வெளங்கிச்சுன்னு சொன்னீங்களே. தெரிஞ்சுக்கிட்டேதான் சேத்துவிட்டீங்கன்னு நெனச்சேன். நான் எப்பிடிப் போனாலும் பரவாயில்ல, ரிசல்ட் வந்தா போதும்னு."

பக்கத்தில் இருந்த மனிதர் தான் இறங்கும் இடம் வந்துவிட்டதா என்று பார்க்கிற மாதிரி எழும்பி நின்றார். நல்ல மனிதர்.

செஸ் வகுப்பை அன்றே நிறுத்தினேன். சனிக்கிழமையிலும் ஒன்றைக் குறைத்தோம். தலையிடி கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. அந்த வாரமே பழையபடி பாடினாள் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. நேரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். என்னைப் பற்றி அவள் நினைத்துக்கொண்டதை அவ்வளவு சுலபமாகத் திருப்ப முடியவில்லை.

இப்போது அவள் உயர்தரம் படிக்கிறாள். விவேக வகுப்புக் கதை எங்கள் சொந்தக்காரர் மத்தியில் பிரபலம். கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் படுப்பவர்கள் "நாங்க விவேக கிளாசுக்குப் போறோம்" என்று எனக்குக் கேட்கிற மாதிரி சொல்வார்கள். வீட்டிலோ நான் எதற்காவது "சரி" என்றால் உடனே ஒரு கேள்வி வரும்: "வெளங்கித்தானே சொல்றீங்க?" மீன்காரர் விலை சொல்லும்போது விஜயா கேட்பாள். மச்சான் போனில் கேட்பார். கேட்டுவிட்டு எல்லாரும் சிரிப்பார்கள்.

தர்ஷினியும் கேட்பாள். அவளும் சிரித்துக்கொண்டுதான் கேட்பாள். ஆனால் மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போன பிறகும், அவள் மட்டும் நான் பதில் சொல்லும்வரை நிற்பாள்.