முதல் இழுப்பிலேயே வெடிக்க வேண்டும்

தோட்டத்து வெள்ளைக்காரத் துரை எழுதி வைத்துவிட்டுப் போன சீட்டை இராமலிங்கம் நான்காவது தடவையாகப் படித்தார். நான்காவது தடவையும் அதில் அதேதான் இருந்தது.

"ஒரு பிஸ்டல் வாங்கவும். தானே குண்டு ஏறும் வகை. பழைய மாதிரியாக இருந்தால் போதும். அறுபது வெள்ளிக்கு மேல் போகக் கூடாது. முதல் இழுப்பிலேயே வெடிக்க வேண்டும். அடுத்தடுத்துப் பல தடவை சுட வேண்டியிருக்கும். பதினாலாம் தேதி சனிக்கிழமை அதைப் பிடிக்கப் போவது நீதான். போலீஸ் பெர்மிட்டுக்குக் கடிதம் இத்துடன்."

பல தடவை சுட வேண்டியிருக்குமாம்!

தெலுக் பங்லிமா காராங் பக்கத்து ரப்பர் தோட்டம் அது. இராமலிங்கம் அங்கே பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன் பத்து வருஷம் அம்பாங்கில் ஓர் ஈயச் சுரங்க ஆபீசில் பேனா பிடித்தவர். பேனாவைத் தவிர வேறு எதையும் பிடித்ததில்லை.

பதினாலாம் தேதி சம்பள நாள். அன்று கிள்ளான் பேங்கிலிருந்து பணப்பெட்டியைக் கொண்டுவர வேண்டியவர் இராமலிங்கம். போன வாரம்தான் ஜெஞ்சாரோம் சாலையில் பக்கத்துத் தோட்டத்துக் காரை நாலு பேர் மறித்து, கிராணியை ரப்பர் மரத்தில் கட்டிப் போட்டுவிட்டுப் பணத்தோடு போயிருந்தார்கள்.

"புரியுதா உனக்கு?" என்று மனைவி புஷ்பவல்லியிடம் பொருமினார். "அவர் வீட்டுச் சுவத்துல மூணு துப்பாக்கி தொங்குது. கொள்ளைக்காரன் முன்னால நிக்க மட்டும் நான்! அதுவும் அறுபது வெள்ளிக்குள்ள!"

"துரைகிட்டயே நேரா கேளுங்களேன்."

"கேக்கறதுக்கு அவர் இருந்தால்ல? எனக்குச் சீட்டை எழுதி வெச்சுட்டுப் பிரேசர் மலைக்குக் குளிர் வாங்கப் போயிட்டாரு. வெள்ளிக்கிழமை ராத்திரிதான் வருவாராம்."

"உங்களுக்குக் கொசு அடிக்கவே கை நடுங்கும்" என்றாள் புஷ்பவல்லி. "பேசாம பிரிக்ஃபீல்ட்ஸ்ல எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடலாம். ரயில்வேல ஏதாவது வேலை பார்த்துத் தருவாரு."

அதைக் கேட்டதும் இராமலிங்கத்துக்கு இன்னும் ரோஷம் வந்தது. மறுநாளே கிள்ளானில் ரயிலேறிக் கோலாலம்பூர் போனார்.

துப்பாக்கிக் கடையில் ரிப்பேர் வேலை பார்த்த வேலாயுதம் என்பவர் மூன்று பிஸ்டல்களை எடுத்து மேசையில் வைத்தார்.

"அண்ணே, இது ஸ்பெயின் சரக்கு. இருபத்தெட்டு வெள்ளி. பார்க்க அமெரிக்கக்காரன் செஞ்சது மாதிரியே இருக்கும். பார்க்க மட்டும்தான். இது பெல்ஜியம், சின்னது, சட்டைப் பையில போட்டுக்கலாம். இதோ இது அசல் அமெரிக்கா. ஊருக்குத் திரும்பின ஒரு துரை வித்துட்டுப் போனாரு. கனமா இருக்கும், சாயம் போயிடுச்சு. ஆனா சேத்துல போட்டு எடுத்தாலும் சுடும். அம்பத்தஞ்சு."

"சாயம் போனதுக்கு அம்பத்தஞ்சா?"

"சாயமா சுடப் போகுது?"

விலை கூடியதைத் தன் தலையில் கட்டப் பார்க்கிறான் என்று இராமலிங்கத்துக்குக் கோபம். "என்னைப் பார்த்தா எப்படித் தெரியுது? அந்த ஸ்பெயினையே குடு" என்றார்.

கிள்ளான் போலீஸ் ஸ்டேஷனில் அதன் நம்பரைப் பதிந்துகொண்டு, பிஸ்கோத்து டின்னில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். சாயங்காலம், ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூடத்துக்குப் பின்னால், தோட்டத்து ஜாகாவான காவல்காரர் கர்த்தார் சிங்கைத் துணைக்கு வைத்துக்கொண்டு முதல் தடவையாகச் சுட்டார்.

வெடித்தது. இராமலிங்கம் கண்ணைத் திறந்தார். இரண்டாவது தடவையும் வெடித்தது. மூன்றாவது தடவை 'டிக்' என்றது. காலித் தோட்டா பாதி வெளியே, பாதி உள்ளே என்று வாயில் மாட்டிய மீன்முள் போல நின்றுவிட்டது.

கர்த்தார் சிங் அதை வாங்கி, இழுத்துப் பார்த்து, ஊதிப் பார்த்து, கடைசியில் கல்லில் தட்டிப் பார்த்தார். முப்பது வருஷம் காவல் காத்தவர். தோட்டத் தமிழ் தண்ணீர்பட்ட பாடு.

"கிராணி, இது பிஸ்டல் இல்லே. சுத்தியல். கொள்ளைக்காரன் மண்டையிலே அடிக்கலாம்."

"ஏமாத்திட்டான்!" என்று கத்தினார் இராமலிங்கம்.

மறுநாள் கடையில் போய்ச் சண்டை போட்டார். வேலாயுதம் சிரித்த முகமாகப் பிஸ்டலைத் திருப்பி வாங்கிக்கொண்டார். அதுவே இராமலிங்கத்துக்குப் பெரிய அவமானமாக இருந்தது. அமெரிக்கப் பிஸ்டலை எடுத்தால் அவன் சொன்னது சரி என்று ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும். ஆகவே பெல்ஜியத்தை மாற்றிக்கொண்டு வந்தார்.

மறுபடி போலீஸ் ஸ்டேஷன். மறுபடி நம்பர். அங்கிருந்த சார்ஜன்ட் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

பெல்ஜியம் பழுதில்லாமல் சுட்டது. ஆனால் கர்த்தார் சிங் விழுந்து விழுந்து சிரித்தார். "கிராணி, உள்ளங்கையிலே வெச்சா காணோம்! இதை நீட்டினா கொள்ளைக்காரன் பயப்படமாட்டான். சிகரெட் பத்தவெச்சுக்கிட்டு, தேங்க்ஸ் சொல்லுவான்."

இராமலிங்கம் அன்று இரவு சாப்பிடவில்லை. உயிரைக் கொடுக்கப் போவது நான், சிரிப்பது ஊரா என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். புஷ்பவல்லி பெட்டியில் துணிகளை மடித்து வைக்கத் தொடங்கியிருந்தாள்.

மூன்றாவது தடவை கடைக்குப் போனபோது வேலாயுதம் அமெரிக்கப் பிஸ்டலை ஏற்கெனவே துடைத்து, எண்ணெய் போட்டுக் காகிதத்தில் சுற்றி வைத்திருந்தார்.

"நான் வருவேன்னு எப்படித் தெரியும்?"

"எல்லாரும் இந்த வரிசையிலதான் வருவாங்கண்ணே."

போலீஸ் ஸ்டேஷனில் சார்ஜன்ட் இந்தத் தடவை நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "ஒரு வாரத்துல மூணு துப்பாக்கி! தோட்டத்துல என்ன, யுத்தமா?"

"போய் என் துரையைக் கேளுங்க!" என்றார் இராமலிங்கம்.

அங்கே பெர்மிட்டுக்கு நின்றிருந்த லோரி டிரைவர் ஒருவனுக்குத் துப்பாக்கி மாற்றிய கதை தெரியாது. அவன் காதில் விழுந்தது 'மூணு துப்பாக்கி' என்பது மட்டும்தான். இராமலிங்கம் தோட்டத்துக்கு வந்து சேரும் முன்பே அந்தச் செய்தி தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அமெரிக்கப் பிஸ்டலைச் சோதித்தார். அதில் ஒரு குறையும் இல்லை. முதல் இழுப்பிலேயே வெடித்தது. ஆனால் வெடித்த வேகத்தில் இராமலிங்கத்தின் இரண்டு கையும் தலைக்கு மேலே போய்விட, விரல் மறுபடி அழுந்தி, இரண்டாவது குண்டு புகைக்கூடத்துக் கூரையைத் தாண்டிப் பறந்தது. சற்று நேரத்தில் துரை பங்களாவிலிருந்து சமையல்காரன் கத்துவது கேட்டது. மேட்டின் மேலிருந்த தகரத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து ஒரு தாரை, வளைந்து, அழகாக விழுந்துகொண்டிருந்தது.

"நல்ல பிஸ்டல்" என்றார் கர்த்தார் சிங். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. நாலடி தள்ளி நின்றுகொண்டார்.

இராமலிங்கம் ஆபீசுக்குத் திரும்பியபோது வாசலில் முப்பது பேர் நின்றார்கள். எல்லாருக்கும் முன்னால், ரப்பர் மரத்தில் பால் வெட்டும் நல்லம்மாள்.

"கிராணியாரே, ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லுங்க. நாங்க கேட்டது என்ன? லயத்துக்கு ஒரு தண்ணிக் குழா. அதுக்கு மூணு துப்பாக்கியா?"

"அம்மா, அது உங்களுக்கு இல்ல..."

"எங்களுக்கு இல்லாம யாருக்கு? சுட்டுப் பார்த்த சத்தம் லயம் வரைக்கும் கேட்டுச்சு. எம் மருமக பிள்ளையத் தூக்கிக்கிட்டுக் கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கிட்டா. நீங்களும் எங்களாட்டம் கப்பலேறி வந்தவருதானே? துரை சுடச் சொன்னா சுட்டுருவீங்களா?"

எதைச் சொன்னாலும் நம்பும் முகம் அங்கே ஒன்றுகூட இல்லை. நல்லம்மாள் அவர் கையிலிருந்த பிஸ்கோத்து டின்னைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். பக்கத்தில் காறித் துப்பிவிட்டுத் திரும்பி நடந்தாள். கூட்டமும் பின்னாலேயே போயிற்று.

தன் உயிரையும் பணயம் வைத்து, தன் ஜனங்களிடம் எச்சிலும் வாங்கிக்கொண்டு, ஒரு மனுஷன் ஒரே சீட்டினால் எத்தனை கேவலப்பட முடியும்?

அன்று மாலையே காகிதத்தை எடுத்து இங்கிலீஷில் எழுதினார். பத்து வருஷத்தில் எழுதாத இங்கிலீஷ். 'எழுத வந்தவனைச் சுடச் சொல்லுகிற ஆண்மையை நான் இதுவரை எந்த மனிதரிடமும் கண்டதில்லை' என்று ஆரம்பித்தார். 'மூன்று துப்பாக்கிகளைச் சுவரில் அழகுக்குத் தொங்கவிட்டுக்கொண்டு, நாலாவதைக் கிராணி கையில் கொடுத்துக் கொள்ளைக்காரன் முன்னால் நிறுத்திவிட்டு மலைமேல் ஒளிந்துகொள்பவருக்குக் கோழை என்ற பெயர்கூடப் பெரிய மரியாதை' என்று தொடர்ந்தார். லயத்துக்குத் தண்ணீர்க் குழாய் போடத் துப்பில்லாதவருக்குத் தன் பங்களாத் தொட்டி ஒழுகினால்தான் வலிக்குமா என்றும் கேட்டார். கடைசியில், 'இந்தக் கணமே ராஜினாமா' என்று முடித்து, அடியில் இரண்டு கோடு போட்டார்.

புஷ்பவல்லிக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அவர் எழுதிய வேகத்தைப் பார்த்து, "இப்பத்தான் நீங்க ஆம்பள" என்று சொல்லிப் பெட்டியைப் பூட்டினாள்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குத் துரை ஆபீசுக்கு வந்தார். இராமலிங்கம் பிஸ்டலை அவர் முன்னால் வைத்தார். அதன் பக்கத்தில் கடிதத்தை வைத்தார். வணக்கம் சொல்லாமல் நிமிர்ந்து நின்றார்.

துரை கடிதத்தைப் படித்தார். முதலில் காது சிவந்தது. பிறகு கழுத்து. கடைசி வரிக்கு வரும்போது தலை முழுவதும் மங்குஸ்தான் பழ நிறத்துக்கு வந்திருந்தது. பேனாவை எடுத்து, கடிதத்தின் மேல் 'ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ரப்பர் முத்திரையையும் குத்தினார்.

அப்புறம்தான் ஏதோ உறைத்தது போல நிமிர்ந்தார்.

"கிராணி" என்றார் தோட்டத் தமிழில். "பணப்பெட்டி கூட இன்னைக்கி போலீஸ் வரும். நான் சொல்லி வெச்சாச்சு. நீ என்னா கொள்ளைக்காரன், கொள்ளைக்காரன் எழுதியிருக்கே? எந்தக் கொள்ளைக்காரன்?"

இராமலிங்கம் வாயைத் திறப்பதற்குள், தோட்டப் பள்ளிக்கூட வாத்தியார் அய்யாவு, கழுத்தில் விசிலும் கையில் ஒரு கொத்து ரிப்பனுமாக, வேர்க்க விறுவிறுக்கக் கதவருகில் வந்து நின்றார்.

"குட்மார்னிங் துரை! பிள்ளைங்க எல்லாம் கோட்டுல வரிசையா நிக்கிறாங்க. ஓட்டப்பந்தயத்துக்கு 'டப்'புன்னு வெடி போட ஒரு பிஸ்டல் வாங்கி வெக்கச் சொல்லியிருந்தீங்களே, கிராணியார் வாங்கிட்டாரா?"