நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை நீக்கக் கோரி மாமனார் எழுதுவது

அன்பும் பொறுமையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

இங்கு நானும் உங்கள் அத்தையும் நலம். அங்கு நீங்களும் என் மகளும் பேத்தியும் நலமாக இருக்க வேண்டும் என்று மனமார விரும்புகிறேன். உடம்பு சரியில்லாதவர்களிடம் சண்டை போடுவது எனக்குப் பிடிக்காது. வீட்டு மாப்பிள்ளையிடம் குரலை உயர்த்தக் கூடாது என்று அத்தை கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், குரலைத் தாழ்த்தி எழுத்தைப் பெரிதாக எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். உங்கள் பதிப்பகம் வெளியிட்டு, நீங்களே இருந்து திருத்திக் கொடுத்த ‘பாலத்தில் யாரும் இல்லை’ என்ற வரலாற்று நூலை என் பிறந்தநாளுக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தீர்கள். முதல் ஆறு அத்தியாயங்களை நான் ரசித்துத்தான் படித்தேன், மறைக்கவில்லை. முதல் மன்னர் வெள்ளைக் குதிரையில் வந்து தலைநகரை மீட்டார் என்று நாம் படித்ததெல்லாம் கதை, அவருக்குக் குதிரை என்றாலே நடுக்கம், மூடிய வண்டியில் வந்து பின்வாசலில் இறங்கினார் என்று நூலை எழுதிய பேராசிரியை ஆதாரத்தோடு நிரூபித்த இடத்தில் வயிறு குலுங்கச் சிரித்தேன். சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானதாகச் சொல்லும் மரமே நாற்பது வருஷம் கழித்து நடப்பட்டதாமே! அடுத்த வீட்டுத் தாத்தாக்களைப் பற்றிய உண்மை எவ்வளவு சுவையாக இருக்கிறது பாருங்கள். பேராசிரியையின் துணிச்சலைப் பாராட்டி ஒரு கடிதம்கூட எழுத ஆரம்பித்தேன். அப்புறம் ஏழாம் அத்தியாயம் வந்தது.

நீங்கள் முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்த அன்று உங்களுக்குத் தண்ணீர் கொடுப்பதற்கு முன்பே நான் சொன்ன விஷயம் நினைவிருக்கும். எதிரிப் படை ஊருக்குள் நுழைய வந்தபோது பாலத்தின் நடுவே தன்னந்தனியாக நின்று தடுத்தவர் என் கொள்ளுத்தாத்தா. முப்பத்துமூன்று வருஷம் சரித்திர வாத்தியாராக நான் அந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறேன். ‘பாலத்தைக் காத்த வீரர் யார்?’ என்பது ஐந்து மதிப்பெண் கேள்வி. ஒவ்வொரு வருஷமும் பால விழாவில் முதல் நாற்காலி எனக்கு. இந்த ஊரில் எனக்கென்று இருக்கும் மரியாதை அந்த ஒரு நாற்காலிதான் மாப்பிள்ளை. ஓய்வு பெற்ற வாத்தியாரை வேறு யார் உட்காரச் சொல்கிறார்கள்?

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் உங்கள் பேராசிரியை என்ன எழுதியிருக்கிறார்? பாலத்தின் நடுவில் ஒரு பெரிய மரக்கதவு இருந்ததாம். என் கொள்ளுத்தாத்தா அதன் காவலாளியாம். மத்தியானம் கதவைப் பூட்டிவிட்டுச் சாவியோடு வீட்டுக்குச் சாப்பிடப் போனவர் அப்படியே தூங்கிவிட்டாராம். எதிரிப் படை வந்து தட்டியதாம், கூப்பிட்டதாம், காத்திருந்ததாம், கடைசியில் மழை பிடித்துக்கொள்ள அலுத்துப்போய்த் திரும்பிவிட்டதாம். இதற்கு ஆதாரம், பணி நேரத்தில் சாவியோடு காணாமல் போனதற்கு விளக்கம் கேட்டு மேலதிகாரி கொடுத்த மெமோ! நாட்டைக் காப்பாற்றியவருக்கு மெமோவா? அதற்கு அவர் கைப்பட எழுதிய பதிலையும் படம் பிடித்துப் போட்டிருக்கிறீர்கள். ‘தூங்கிவிட்டேன். மன்னிக்கவும்.’ இரண்டே வாக்கியம். ஒரு மாவீரனின் வாழ்க்கையை இரண்டு வாக்கியத்தில் கவிழ்த்துவிட்டீர்கள்.

உங்கள் அத்தையிடம் படித்துக் காட்டினேன். ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லுவாள் என்று பார்த்தால், “இப்பத்தான் இந்தக் கதையே நம்புற மாதிரி இருக்கு” என்றாள். “உங்க வம்சத்துக்கே பூட்டத் தெரியும், சாவியை வெச்ச இடம் தெரியாது. பொண்ணு கல்யாணத்தன்னிக்கு பீரோவப் பூட்டிட்டு எங்க போனீங்க? அவ பழைய புடவையோட உக்காந்திருந்தாளே!” என்று சம்பந்தமே இல்லாத ஒரு விஷயத்தை இழுத்தாள். சரித்திரப் பார்வை இல்லாதவர்களிடம் பேசி என்ன பயன் என்று விட்டுவிட்டேன்.

இனி, போன மாதம் இங்கே நடந்த கூட்டம் பற்றி. பேராசிரியை இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் அதைச் சேர்க்கப் போவதாகவும், நடந்தது என்னவென்று நான் எழுதித் தர வேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள். எழுதுகிறேன், அப்படியே அச்சில் போடுங்கள். எங்கள் வாசகர் வட்டம்தான் பேராசிரியையைப் பேச அழைத்தது. செயலாளர் என்ற முறையில் மண்டபத்துச் சாவி என்னிடம் இருந்தது. பழங்காலப் பூட்டு, ஒரே சாவி. காலையில் போய்த் திறந்து, நாற்காலிகளைத் துடைத்துப் போட்டு, அவரிடம் கேட்கப் பதினோரு கேள்விகளையும் தயார் செய்து வைத்திருந்தேன். ஆனால் கேள்வியைவிட எதிர்ப்பே வலிமையானது என்று மத்தியானம் ஞானோதயம் வந்தது. மண்டபத்தைப் பூட்டினேன். வீட்டுக்குப் போனேன். வரவில்லை. நான்கு மணிக்கு வெளியே எழுபது பேர், கையில் நூலோடு பேராசிரியை, கொட்டுகிற மழை. நான் அசையவில்லை.

இதில் ஒரே ஒரு சின்னச் சிக்கல், மைக்செட்காரர் உள்ளே இருந்தார். மேடைக்குப் பின்னால் குனிந்து ஒயர் மாட்டிக்கொண்டிருந்த மனிதரை நான் எப்படிப் பார்ப்பது? அவர் சும்மா இருந்திருக்கலாம். மைக்கைப் போட்டுவிட்டார். தெருமுனை வரைக்கும் ஸ்பீக்கர் கட்டியிருந்ததால் ஊர் முழுக்கக் கேட்டிருக்கிறது. “ஹலோ, ஹலோ, சார், கதவத் தொறங்க சார்! யாராவது வாத்தியார் வீட்டுக்கு ஓடுங்க! நான் காலைலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல சார்!” இப்படியே ஒரு மணி நேரம். கடைசியில் பின்பக்க ஜன்னல் வழியாக இழுத்து எடுத்திருக்கிறார்கள். அவருடைய பெட்டிகள் மட்டும் இன்னும் உள்ளே இருக்கின்றன.

மறுநாள் பேப்பரைப் பார்த்தால், ‘பாலம் காத்த வீரரின் கொள்ளுப்பேரன் மண்டபம் காத்தார்! ஒலிபெருக்கியில் எதிர்ப்பு முழக்கம்!’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். காலை ஏழு மணியிலிருந்து வீட்டு வாசலில் கூட்டம். நகரமன்றத் தலைவர் வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, “ரத்தம் பேசுதுங்க சார், ரத்தம் பேசுது” என்று கண் கலங்கினார். நூலைக் கண்டித்துத் தீர்மானம் போட்டார்கள். யாராவது படித்தீர்களா என்று கேட்டேன். “அதையெல்லாம் படிச்சா மனசு கெட்டுப்போயிரும் சார்” என்றார் தலைவர். மைக்செட்காரரே இப்போது டீக்கடையில் வேறு மாதிரி பேசுகிறாராம். “வாத்தியார் வெளில பாத்துக்கிட்டாரு, உள்பக்கம் என் பொறுப்பு. நாங்க முன்னாடியே பேசி வெச்சதுதான்.” அந்த ஒரு மணி நேரம் அவர் அலறியதைக் காதால் கேட்ட எழுபது பேரும் தலையை ஆட்டுகிறார்கள்.

மண்டபம் இன்றுவரை பூட்டியே கிடக்கிறது. திறக்கச் சொல்லி யார் வந்தாலும் “கொள்கை” என்று ஒரே வார்த்தையில் அனுப்பிவிடுகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை பால விழா. இந்த முறை முதல் நாற்காலி மட்டும் இல்லை, கொள்ளுத்தாத்தா படத்துக்குப் பக்கத்தில் என் படமும் மாட்டுகிறார்கள். ஊரே பார்க்க, என் கையால் நான் அந்தப் பூட்டைத் திறக்க வேண்டுமாம். அதுதான் விழாவின் சிறப்பு அம்சம் என்று நோட்டீஸே அடித்துவிட்டார்கள்.

ஆகவே மாப்பிள்ளை, மாமனார் என்ற உரிமையில் கேட்டுக்கொள்வது, ஒன்று, ஏழாம் அத்தியாயத்தை அடியோடு நீக்கிவிட வேண்டும். இன்னொன்று, முன்னுரையில் என் செயலைத் திட்டமிட்ட அறப்போராட்டம் என்று குறிப்பிட வேண்டும். அன்று மழையில் பேராசிரியை எங்கள் வீட்டுக்கு வந்ததாகவும், அத்தை அவருக்குத் துண்டும் காப்பியும் கொடுத்து ஏதேதோ பேசியதாகவும் கேள்விப்பட்டேன். அத்தை சொன்னது எதையும் ஆதாரமாகக் கொள்ளக் கூடாது. நீங்கள் பரிசாக அனுப்பிய புத்தகத்தையும் மறுநாளே திருப்பிப் பார்சலில் அனுப்பிவிட்டேன். அது என் வீட்டு அலமாரியில் இருக்கத் தகுதியற்றது.

என் மகளுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். பேத்திக்கு ஆயிரம் முத்தங்கள். அவளுக்குக் கொள்ளுத்தாத்தா கதையைப் பழைய முறையிலேயே சொல்லி வளருங்கள். எல்லாரும் நீண்ட ஆயுளோடும் நிறைந்த செல்வத்தோடும் வாழ வாழ்த்தும்,
உங்கள் மாமனார்.

பி.கு.: இதை அத்தைக்குத் தெரியாமல் எழுதுகிறேன். நான் அனுப்பிய பார்சலைப் பிரித்தீர்களா? பிரிக்காவிட்டால் உடனே பிரித்து, நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைப் பாருங்கள். அங்கே ஒரு தட்டையான சாவி இருக்கும். அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, கேள்விகளை ஒருமுறை சரிபார்க்கலாம் என்று அந்தப் பக்கத்தைப் புரட்டியபோது கண் அசந்தது. அடையாளத்துக்குக் கையில் இருந்த சாவியை வைத்தேன் போலிருக்கிறது. எழுந்தபோது விளக்கு வைக்கிற நேரம். பேராசிரியை வந்து போனதே எனக்குத் தெரியாது. தூங்கிப்போன கோபத்தில்தான் மறுநாள் புத்தகத்தைக் கட்டி அனுப்பினேன். வீடு முழுக்கப் புரட்டிப் பார்த்து, நேற்றுதான் இது மண்டையில் உறைத்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் சாவி வந்து சேராவிட்டால் என் மானம் போய்விடும், கூரியரில் போடுங்கள். கவருக்கு வெளியில் சாவி என்று எழுத வேண்டாம்.

ஏழாம் அத்தியாயத்தை நீக்க வேண்டாம் மாப்பிள்ளை. இந்த ஒரு மாதமாக அவரைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த மனுஷர் உண்மையை மறைக்கவே இல்லை. கேட்டார்கள், தூங்கிவிட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஊர்தான் படிக்கவில்லை. நானும் எழுதிக் கொடுத்துவிட்டேன். இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடாமல் பத்திரமாக ஒரு பெட்டியில் போட்டு, நன்றாகப் பூட்டி வையுங்கள். சாவியை மட்டும் என் மகளிடம் கொடுத்துவிடாதீர்கள். அவளும் எங்கள் வம்சம்தான்.