பிள்ளைத்தாச்சிகளோடு ஒரு வாத்தியார்

ஆம்பிளைக்குப் பொறாமை வருவதற்கு இன்னொரு ஆம்பிளை வேண்டும் என்று நினைப்பவர்கள் என்னிடம் வரவேண்டும். நான் பொறாமையில் வெந்தது, மூக்குக்கண்ணாடி போட்ட, தலை நரைத்த ஒரு டொக்டர் அம்மாவைப் பார்த்து.

எழுபதுகளில் நெடுந்தீவில் நான் புது வாத்தியார், புது மாப்பிள்ளையும்கூட. மனைவி தவமணிக்கு ஊர் இறுப்பிட்டி. பகலில் நன்றாகத்தான் இருப்பாள். படுக்கை என்றால் மட்டும் அவளுக்கு வலி. வலியை நினைத்துப் பயம். பயத்தில் உடம்பு இறுகும். இறுகினால் இன்னும் வலி. நானோ, இவளுக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று முடிவுகட்டி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். (வாத்தியாரல்லவா, கேட்காமலே விடை தெரியும்.) ஒருநாள் அவள் அழுதுகொண்டு, "என்னாலை ஏலாது. என்னை அம்மா வீட்டிலை விட்டிட்டு நீங்கள் வேறை ஆரையும் கட்டுங்கோ" என்றாள்.

அவளுடைய அக்காதான் யாழ்ப்பாணத்தில் அந்த டொக்டர் அம்மாவைக் கண்டுபிடித்தார். இருத்திவைத்துக் கதைப்பாராம், மூச்சுப் பழக்குவாராம். தவமணி கிழமைக்கொருமுறை போனாள். போனது பரவாயில்லை, திரும்பும்போது சிரித்த முகத்தோடு வந்தாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"அப்பிடி என்னத்தைக் கதைக்கிறனீங்கள்?"

"எல்லாம்தான்."

எனக்குச் சொல்லாத எல்லாவற்றையும் யாரோ ஒரு கிழவிக்குச் சொல்கிறாள். உளவு பார்ப்பதென்று தீர்மானித்தேன்.

அதில் ஒரு சிக்கல். தீவிலிருந்து காலையில் போவது ஒரேயொரு வள்ளம். பெண்சாதியைப் பின்தொடர்வதென்றால் அவளோடு அதே வள்ளத்தில்தான் போகவேண்டும். தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு கருவாட்டுச் சாக்குகளுக்கு நடுவில் குந்தினேன். "வாத்தியார், இஞ்சாலை காத்துப்பட இருங்கோவன்" என்று எல்லோரும் கேட்க வள்ளக்காரர் கூப்பிட்டார். நான் சாக்கோடு சாக்காக இருந்தேன்.

கிளினிக்கில் காத்திருக்கும் வாங்குப் பலகை முழுக்கப் பிள்ளைத்தாச்சிகள். தவமணி உள்ளே போனதும் நானும் ஓர் ஓரத்தில் இருந்தேன். கருவாட்டு மணம் தாங்காமல் பக்கத்திலிருந்தவர் ஓங்காளித்துக்கொண்டு வெளியே ஓடினார். நிமிர்ந்து பார்க்காமலே விபரம் எழுதிக்கொண்டு வந்த தாதி, என் முறை வந்ததும், "எத்தினையாம் மாதம்?" என்றாள். வாங்கே சிரித்தது. அதில் எங்கள் தீவுப் பெண் ஒருத்தியும் இருந்தாள் என்பது என் தலைவிதி.

சத்தம் கேட்டுக் கதவு திறந்தது. "தம்பியோ? உள்ளை வாரும். உம்மைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான்" என்றார் டொக்டர் அம்மா.

"வள்ளத்திலையே கண்டிட்டன்" என்றாள் தவமணி.

டொக்டர் அம்மா என் கையை இறுக்கிப் பொத்தச் சொல்லி, விரல்களுக்கிடையே ஒரு பென்சிலைச் செலுத்தப் பார்த்தார். நொந்தது. "இப்ப மூச்சை மெல்ல விட்டு, நீரே திறவும்." திறந்தேன். "பயந்த உடம்பும் இப்பிடித்தான். அவ வேணுமெண்டு பொத்தேல்லை. நீர் முகத்தைத் தூக்கினால் இன்னும் இறுகும். அவ ஓமெண்டு சொல்லுமட்டும் பக்கத்திலை இருந்து கதையும்."

"இவ என்னோடை ஒண்டும் கதைக்கிறேல்லை" என்றேன்.

"நீங்கள் கேட்டனீங்களோ?" என்றாள் தவமணி.

அதற்குப் பிறகுதான் கேட்கத் தொடங்கினேன். அவள் தன் பயிற்சிகளைச் செய்தாள், நான் பொறுமை பழகினேன். (இரண்டில் எது கடினம் என்று வாதாட மாட்டேன்.) பயம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விலகியது, வலியும் அப்படியே. அவள் அம்மா வீட்டுக்குப் போனது தலைப்பிரசவத்துக்கு.

இப்போது எங்கள் சொந்தத்தில் எந்தப் பெண் கல்யாணம் கட்டினாலும் தவமணி அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திவிடுவாள். நொந்தால் சகிக்காதே, சொல்லு, அதற்கு வைத்தியம் இருக்கு என்பாள். கூடவே என் கதையையும் சொல்வாள். என்னை வெளியே விட்டுவிட்டு அவர்கள் உள்ளே சிரிக்கும்போது எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். போன மாதம் பேயறைந்த முகத்தோடு உள்ளே போன பெறாமகள் முறைப் பெண்ணொருத்தி, சிரித்துக் கலங்கிய கண்ணைத் துடைத்தபடி வெளியே வந்து என்னைப் பார்த்தாள்.

"சித்தப்பா, கடைசியிலை உங்களுக்கு என்ன பிள்ளை பிறந்தது?"